யாரோ இன்னும் பதில் சொல்லவில்லை

போன வியாழக்கிழமை எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. ஐந்து கேள்விகளுக்குப் பதில் தர வேண்டும். வாயைத் திறக்கக்கூட வேண்டாம். போனில் தொட்டால் போதும்.

அதைத்தான் கெடுத்தேன்.

புதிதாகப் படிக்கிறவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். நான் திருத்தணியில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஸ்டோர் பார்க்கிறவன். பாத்திரங்களை எண்ணிக் கொடுப்பேன், எண்ணி வாங்குவேன். டம்ளர் அறுநூறு, சாம்பார் வாளி இருபத்து நான்கு, கரண்டி அறுபது. போனதெல்லாம் திரும்பி வந்ததா என்று பார்ப்பதுதான் இருபத்திரண்டு வருஷமாக என் வேலை. படித்தது ஏழாம் வகுப்பு. நாலு பேர் கூடின இடத்தில் எனக்குக் குரலே வராது. எழுதுவதென்றால் பரவாயில்லை, யாரும் என் முகத்தைப் பார்க்கப் போவதில்லை.

இந்த வலைப்பூ கூட என் யோசனை கிடையாது. என் மகள் கோமதி பி.எட். இரண்டாம் வருஷம் படிக்கிறாள். வகுப்பறைக்காக வலைப்பூ நடத்துவது எப்படி என்று அவர்களுக்கு ஒரு பாடம் உண்டு. பழகிப் பார்ப்பதற்கு என் பெயரில் ஒன்று திறந்தாள். ஒரே வாரத்தில் பழகி முடித்தாள். என்னால்தான் நிறுத்த முடியவில்லை. இன்றைய தேதிக்குப் படிக்கிறவர்கள் பதினேழு பேர். அதில் இரண்டு பேர் நானே, வேறு வேறு போனில்.

சரி, வியாழக்கிழமைக்கு வருகிறேன்.

மலை அடிவாரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கோமதி ஐந்தாம் வகுப்புக்குப் பயிற்சியாகப் பாடம் எடுக்கிறாள். அன்றைக்கு அவளுடைய கல்லூரியிலிருந்து மேடம் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்ப்பார்கள், மார்க் போடுவார்கள். மேடம் மதுரைப் பக்கம். கண்டிப்பானவர். "சின்னப் பசங்களுக்குப் போனும் வலைப்பூவும் எதுக்கு? அழகா சார்ட்ல வரைஞ்சு காட்டு" என்று இரண்டு தடவை சொல்லியிருக்கிறார்.

கோமதிக்குப் பிடிவாதம். என்னைப் போல இல்லை, அவள் அம்மா சரோஜாவைப் போல.

'நம்ம ஊர்' என்று பாடம். ஊரைப் பற்றிப் படங்களும் குறிப்புகளும் வகுப்பு வலைப்பூவில் போட்டுவிட்டாள். கடைசியில் ஆன்லைனில் ஐந்து கேள்வி. பிள்ளைகளை ஆறு குழுவாகப் பிரித்து, கூடப் படிக்கிற பெண்களிடம் ஆறு போன் கடன் வாங்கியிருந்தாள். அவளுடைய போனைப் பள்ளிக்கூடத்துப் பெரிய திரையில் மாட்டி, யார் பதில் சொன்னார்கள், யார் சொல்லவில்லை என்று எல்லாருக்கும் தெரியும்படி ஏற்பாடு.

அதோடு விட்டிருக்கலாம். பாடத்திட்டத்தில் ஒரு வரி சேர்த்து எழுதிக் கொடுத்துவிட்டாள். 'வீட்டிலிருந்தும் ஒருவர் கலந்துகொள்வார்.'

"அந்த ஒருத்தர் நீதான் நைனா" என்றாள் புதன்கிழமை.

"நானா! எனக்கு இன்னா தெரியும்?"

"ஒண்ணும் தெரிய வேணாம். கேள்வி வரும். கீழ நாலு பதில் இருக்கும். ஒண்ணத் தொடு. அவ்ளோதான்."

"தப்பாத் தொட்டுட்டா?"

"தப்பாவே தொடு. யாரு உனுக்கு மார்க் போடப் போறாங்க? தொட்டாப் போதும். பசங்க பயந்துடுவாங்கன்னு நேரக் கணக்கு வெக்கல. அதனால எல்லாரும் பதில் சொன்னாத்தான் அடுத்த கேள்வி வரும். ஒருத்தர் உட்டாலும் அப்படியே நின்னுகினு இருக்கும். புரியுதா?"

"ஆங், புரியுது."

"அஞ்சு கேள்வியும் மணி அடிக்கறதுக்குள்ள முடியணும் நைனா. முடியலன்னா இந்தக் கிளாஸுக்கு மார்க் கெடையாது. அடுத்த மாசம் வேற ஸ்கூல்ல மொதல்லருந்து எடுக்கணும். சார்ட்டோட."

சார்ட் என்று சொல்லும்போது அவள் கண் கலங்கிவிட்டது. நான் பயந்துபோனேன். "தொட்டுடறேன் கண்ணு" என்று வாக்குக் கொடுத்தேன்.

வியாழக்கிழமை பதினொன்று பதினெட்டுக்கு அவள் அனுப்பிய இணைப்பைத் தொட்டேன். மண்டபத்து ஸ்டோர் ரூமில் இருந்தேன். முந்தின நாள் கல்யாணத்து டம்ளர்கள் கழுவி வந்திருந்தன. இருபது இருபதாக அடுக்கி எண்ணிக்கொண்டே போனையும் பார்க்கலாம் என்று திட்டம்.

முதலில் பெயர் கேட்டது.

இங்கேதான் ஆரம்பம். பெயரைப் போட்டால் திரையில் பெரிதாகத் தெரியும். முப்பது பிள்ளைகளும் மேடமும் பார்ப்பார்கள். நினைத்ததுமே எனக்குக் காது சூடாகிவிட்டது. இருமுறை என் பெயரை அடித்தேன், இருமுறை அழித்தேன். பெயர் போடாமல் அது உள்ளே விடவில்லை.

யாரோ ஒருத்தர் என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று, 'யாரோ' என்று போட்டேன்.

இரண்டே எழுத்து. என் வாழ்க்கையில் இவ்வளவு சுருக்கமாக இவ்வளவு பெரிய தப்பு நான் செய்ததில்லை.

முதல் கேள்வி, நம் மாவட்டம் எது. தொட்டேன். சரி!

இரண்டாவது, நெசவுக்குப் பேர்போன ஊர் எது. அம்மையார்குப்பம் என்று இருந்தது. தொட்டேன். சரி! எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. ஏழாம் வகுப்பிலேயே நிறுத்தியிருக்கக் கூடாதோ என்றுகூடத் தோன்றியது.

மூன்றாவது கேள்வி. 'நம் மலைக்கோயிலுக்கு எத்தனை படிகள்?'

பதினெட்டு. நூற்றெட்டு. முன்னூற்று அறுபத்தைந்து. ஆயிரம்.

கை நின்றுவிட்டது.

ஊரில் யாரைக் கேட்டாலும் முன்னூற்று அறுபத்தைந்து என்பார்கள். வருஷத்து நாளுக்கு ஒரு படி. ஆனால் நான் எண்ணியிருக்கிறேன்! நான்கு தடவை! இரண்டு தடவை முன்னூற்று அறுபத்தொன்று வந்தது. இரண்டு தடவை முன்னூற்று அறுபத்து நான்கு வந்தது. நடுநடுவே அகலமாக மூன்று கல் வருகிறது. அதைப் படி என்று எண்ணுவதா, மேடை என்று விடுவதா என்பதில் எனக்கு இன்றுவரை ஒரு முடிவு இல்லை. ஆனால் எப்படி எண்ணினாலும் முன்னூற்று அறுபத்தைந்து வரவில்லை.

வராத எண்ணை எப்படித் தொடுவேன்?

தப்பாவே தொடு என்று கோமதி சொன்னது ஞாபகம் இருந்தது. ஆனால் தெரியாமல் தப்பாகத் தொடுவது வேறு. எண்ணிப் பார்த்தவன் தெரிந்தே தப்பாகத் தொடுவது வேறு.

போனை டம்ளர் அடுக்கின் மேல் வைத்தேன். பார்த்துக்கொண்டே இருந்தேன். அதுவும் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது.

ஸ்டோருக்குள் வந்த சமையல் மாஸ்டர், "இன்னாண்ணே, போனு வேலை செய்யலியா?" என்றார்.

"வேலை செய்யுது. நான்தான் செய்யல."

விஷயத்தைச் சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டார். "தொட்டுத் தொலைண்ணே! படி ஒண்ணு ரெண்டு கொறைஞ்சா சாமி கோச்சிக்கினு எறங்கிப் பூடுமா?"

"நீங்க சாம்பார்ல உப்பு ஒண்ணு ரெண்டு கொறைச்சுப் போடுவீங்களா?"

"யப்பா, சாமி!" என்று போய்விட்டார்.

அதே நேரம் வகுப்பில் நடந்தது எனக்குத் தெரியாது. பிறகு கோமதி சொல்லித்தான் தெரியும்.

திரையில் பெரிய எழுத்தில் வந்திருக்கிறது. 'இன்னும் பதில் சொல்லாதவர்: யாரோ.'

"மிஸ், யாரோ பதில் சொல்லல மிஸ்!"

கோமதி வகுப்பைப் பார்த்து, "யாரு சொல்லல?" என்றிருக்கிறாள்.

"யாரோ மிஸ்!"

"அதான், யாருன்னு கேக்கறேன்."

"யாரோதான் மிஸ்!"

"கைய தூக்குங்க. யாரு?"

"நாங்க இல்ல மிஸ்! யாரோ மிஸ்!"

கடைசி பெஞ்சிலிருந்து மேடம், "என்ன கோமதி, யாருன்னே தெரியாமயா கிளாஸ் எடுக்கற?" என்றிருக்கிறார்.

அப்போதுதான் கோமதி திரும்பித் திரையைப் பார்த்திருக்கிறாள். பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. இந்த உலகத்தில் இப்படி ஒரு பெயரைத் தனக்குத் தானே வைத்துக்கொள்ளும் ஆள் ஒருவர்தான்.

ஒரு பையன் எழுந்து கத்தியிருக்கிறான். "மிஸ்! அது தினேஷு மிஸ்! காய்ச்சல்னு வரலல்ல? வூட்லருந்து வெளையாடறான் மிஸ்!"

மேடம் நிமிர்ந்து உட்கார்ந்தாராம். "அப்படியா? காய்ச்சல்ல படுத்துக்கிட்டும் பாடத்தைக் கவனிக்கிறானா அந்தப் பையன்?"

கோமதி, "ஆங்?" என்றிருக்கிறாள். 'என்னது?' என்று கேட்கிற ஆங். எங்கள் பக்கம் ஆங் என்றால் ஆமாம். கொஞ்சம் இழுத்தால் 'என்ன சொன்னீங்க?' இந்த இழுப்பெல்லாம் மதுரைக்காரருக்கு எப்படித் தெரியும்? ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்.

"பரவாயில்லையே! இதுக்குத்தான் போன் வேணும்னியா? அவன் நம்பருக்குப் போடு. நான் பேசறேன்."

கோமதிக்கு வேறு வழி இல்லை. போட்டிருக்கிறாள். அவளுடைய போன்தான் திரையில் மாட்டியிருக்கிறதே! சுவர் அகலத்துக்கு 'நைனா' என்று வந்திருக்கிறது.

"நைனாங்கறது யாரு?" என்றார் மேடம்.

"அவங்கப்பா மேடம்! தினேஷு அவங்க நைனா போன்ல வெளையாடறான்!" என்று வகுப்பே விளக்கம் சொல்லியிருக்கிறது.

இங்கே என் போன் அடித்தது. மணி பதினொன்று முப்பத்தொன்று. முன்னூற்று நாற்பதாவது டம்ளரில் இருந்தேன். எடுத்தேன்.

"ஹலோ."

"தம்பி... மேடம் பேசறாங்க" என்றது கோமதி குரல்.

தம்பியா? திரும்பிப் பின்னால் பார்த்தேன். யாரும் இல்லை.

"தினேஷ், எப்படிப்பா இருக்க?" என்றது வேறு ஒரு குரல்.

"கண்ணு, யாரு தினேஷு?" என்றேன்.

"காய்ச்சல்ல ஒளர்றான் மிஸ்!" என்று ஒரு பையன் கத்தினான். முப்பது பிள்ளைகளும் சிரித்தார்கள். ஸ்பீக்கர்! அத்தனை பேரும் கேட்கிறார்கள்! என் குரல் பாதியாகச் சுருங்கிவிட்டது.

"குரல் ரொம்பக் கட்டியிருக்கேப்பா" என்றார் மேடம். "கசாயம் ஏதும் குடிச்சியா?"

"இல்லீங்க. டீதான்."

"சரி சரி. பதில் தெரியலையா?"

"தெரியும்ங்க. ஆனா அதுல இல்லீங்க."

"எது இல்ல?"

"சரியான பதிலு."

மேடம் விடவில்லை.

"எத்தனை படின்னு நீ நினைக்கிற?"

"நெனைக்கலீங்க. எண்ணினேன். முன்னூத்தி அறுபத்தொண்ணு. இல்லன்னா முன்னூத்தி அறுபத்தி நாலு."

வகுப்பு வெடித்தது. முதலில் கத்திய பையன்தான் மறுபடியும் எழுந்தான். "டேய் தினேஷு! பொய் சொல்லாதடா! போன வாரம் நாம ரெண்டு பேரும்தான ஏறினோம்? பாதியிலயே ஐஸ் வாங்கிகினு உக்காந்துட்டியேடா! நீ எங்கடா எண்ணின?"

அறுபத்து மூன்று வயதில், ஒரே மூச்சில், ஒரு டேய், மூன்று டா.

"நான் ஐஸ் சாப்புடறதில்ல" என்றேன். அதுவும் உண்மைதான். சளி பிடிக்கும்.

அந்த நேரம் பார்த்து மாஸ்டர் ஸ்டோர் வாசலில் நின்று உரக்கக் குரல் கொடுத்தார். "அண்ணே! சாம்பார் வாளி ரெண்டு கொறையுதுண்ணே!"

"யாருப்பா அது?" என்றார் மேடம்.

"சமையல் மாஸ்டர்ங்க."

"டேய், உங்க வூட்ல மாஸ்டரு வெச்சா சமைக்கறீங்க?" என்றான் அந்தப் பையன். இந்த முறை குரலில் மரியாதை இருந்தது.

மணி பதினொன்று முப்பத்தாறு. மணி அடிப்பது பதினொன்று நாற்பத்தைந்துக்கு. இன்னும் மூன்று கேள்வி பாக்கி. கோமதி என்னிடம், மெல்ல, ஆனால் நான் அறிந்த குரலில் சொன்னாள். "தம்பி, தொட்டுடுப்பா. ப்ளீஸ்."

ப்ளீஸ் என்று அவள் சொன்னால் அடுத்தது அழுகை. எனக்குத் தெரியும். விரலைக் கொண்டு போனேன். விரல் முன்னூற்று அறுபத்தைந்துக்கு அரை அங்குலம் மேலே போய் நின்றது. இறங்க மறுத்தது. என் விரல்தான், ஆனால் இருபத்திரண்டு வருஷமாக எண்ணின விரல்.

அப்போது ஒரு சின்னப் பெண் குரல் கேட்டது. நிதானமான குரல்.

"தினேஷு, வாசப்படிய எண்ணினியா?"

"எந்த வாசப்படி?"

"மேல போனதும் கோயில் வாசல்ல இருக்குதே, அது."

"அது வாசப்படி. படி இல்லையே."

"பேர்லயே படின்னு இருக்குதே! அத்த ஏன் உட்ட?"

மனசுக்குள் கூட்டிப் பார்த்தேன்.

முன்னூற்று அறுபத்தொன்று. அகலக் கல் மூன்று. முன்னூற்று அறுபத்து நான்கு. வாசற்படி ஒன்று.

நான்கு தடவை ஏறியிருக்கிறேன். நான்கு தடவையும் அந்த வாசற்படியைத் தொட்டுக் கும்பிட்டு, மிதிக்காமல் தாண்டித்தான் உள்ளே போயிருக்கிறேன். கால் படாததால் கணக்கில் வரவில்லை!

"ஆங்!" என்றேன். இழுக்காத ஆங்.

தொட்டேன்.

போனுக்குள்ளிருந்து அப்படி ஒரு கூச்சல் கிளம்பியது. ஏழுக்கு ஏழு பேரும் பதில் சொல்லிவிட்டதாகத் திரையில் வந்ததாம். பிள்ளைகள் பெஞ்சைத் தட்டினார்கள். "யாரோ சொல்லிட்டான்! யாரோ சொல்லிட்டான்!" மேடமும் கை தட்டியதாகக் கோமதி சொன்னாள். நான் நம்பவில்லை, அவள் சத்தியம் செய்தாள்.

நான்காவது கேள்வியையும் ஐந்தாவது கேள்வியையும் நான் படிக்கவே இல்லை. வந்த வேகத்தில் தொட்டேன். இரண்டும் தப்பு. முடிந்தபோது மணி பதினொன்று நாற்பத்து நான்கு. ஏழு பேரில் நான் ஏழாவது.

டம்ளரை மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினேன். வாளி இரண்டும் மாஸ்டர் காலடியிலேயே இருந்தன, ஒன்றுக்குள் ஒன்றாக.

சாயந்திரம் கோமதி வந்தாள். பையை வைத்துவிட்டு என்னையே பார்த்தாள்.

"யாரோவா?"

"வெக்கமா இருந்துச்சு கண்ணு."

"உனுக்கு வெக்கம். எனக்குக் குலையே நடுங்கிப் போச்சு! முடிஞ்சிடுச்சு நைனா, அஞ்சும் முடிஞ்சிடுச்சு. ஆனா நான் மேடத்துக்கிட்ட பொய் சொன்ன மாதிரி ஆயிடுச்சே."

"நீ எங்க பொய் சொன்ன? ஆங்னுதான சொன்ன" என்றாள் சரோஜா அடுப்படியிலிருந்து.

"அவங்க ஊர்ல அது பொய்யும்மா!"

இரவு கோமதி சரியாகச் சாப்பிடவில்லை. மார்க் போனாலும் போகட்டும், நாளைக்கு மேடத்திடம் உண்மையைச் சொல்லிவிடப் போகிறேன் என்றாள். சொல்லாதே என்று எப்படிச் சொல்வேன்? சொல் என்றும் எப்படிச் சொல்வேன்? சார்ட்டுக்குப் பேப்பர் எத்தனை தாள் வாங்க வேண்டியிருக்கும் என்று மட்டும் மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை சாயந்திரம் நான் வாசலிலேயே நின்றேன். பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"இன்னா சொன்னாங்க?"

"'கிளாஸ் மிஸ்ஸ எந்தப் பையனாவது கண்ணுன்னு கூப்புடுவானா கோமதி? அவர் வாயத் தெறந்ததுமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு'ன்னு சொன்னாங்க."

"தெரிஞ்சேவா கசாயம் குடிச்சியான்னு கேட்டாங்க?"

"பசங்க அவ்ளோ ஆசையா கேட்டுகினு இருந்தாங்களாம், கெடுக்க மனசு வரலையாம்."

"கோச்சிக்கலியா?"

பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். மேடம் வகுப்பைப் பற்றி எழுதிய குறிப்பு. அதை அன்றைக்கே, வியாழக்கிழமையே எழுதிவிட்டாராம். கோமதி முதல் வரியை வாசித்தாள். 'வகுப்பு மிக நன்று. இனி சார்ட் தேவையில்லை.' வாசித்துவிட்டு ஒரு குதி குதித்தாள். சரோஜா அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்தாள்.

கீழே இன்னும் இரண்டு வரி இருந்தன. கோமதியால் அதை வாசிக்க முடியவில்லை, அவ்வளவு சிரிப்பு. தாளை அவள் அம்மா வாங்கினாள். சரோஜா எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள். அன்றைக்கு ஒவ்வொரு எழுத்தையும் நிறுத்தி நிறுத்தி வாசித்தாள், தெருவுக்கே கேட்கும்படி.

'வீட்டிலிருந்து கலந்துகொண்ட பெரியவருக்கு ஆர்வம் நிறைய இருக்கிறது. கணக்கில் மட்டும் இன்னும் கொஞ்சம் கவனம் தேவை.'